படம் திறக்கும் முன்னே!

1945-ஆம் ஆண்டு, ஏப்ரல் திங்கள் 12-ஆம் நாள். அமெரிக்க நாட்டின் ஜார்ஜியா மாநிலத்திலே வார்ம் ஸ்பிரிங்ஸ் என்றோர் சிற்றூர். அங்கே தம் இல்லத்தில் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார் ஒருவர். எதிரே ஓர் ஓவியர், அவருடைய உருவத்தைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். நண்பகல் உணவு வேளை. தலையின் பின்புறம் கடும் வலி என்று சொல்கிறார்; சொன்னவர் சாய்கிறார்; சாய்ந்தவர் எழவேயில்லை. பொழுது சாய்வதற்குள் உலகமெங்கும் செய்தி பறக்கிறது.

மாண்டவர் பிராங்க்ளின் ருசுவெல்ட்! நான்கு முறை அமெரிக்கக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இட்லரின் ஆணவத்தை அடக்கப் புறப்பட்ட படைகளுக்கு ஆணை தந்தவர். அவர் கையொப்பமிட்டால் கப்பற்படை நகரும். கண்ணசைத்தால் கருவூலம் திறக்கும். அத்துணை வல்லவரை வீழ்த்தியது பகைவனின் குண்டன்று. இரத்த அழுத்தம்! அன்று நண்பகல் அவரிடம் கண்ட அளவு 300-க்கு 190.

திடீரென்று வந்ததா அந்த அளவு? இல்லை. 1944 மார்ச்சில் இதயநோய் மருத்துவர் சோதித்தபோதே 186-க்கு 108, இதயமும் தளர்ந்திருந்தது. 1945 பிப்ரவரியில், யால்டா மாநாட்டில் சர்ச்சிலுடனும் ஸ்டாலினுடனும் அமர்ந்து உலகப் படத்தில் கோடு கிழித்துக்கொண்டிருந்த நாட்களில், 260-க்கு 150. ஆனால் குடியரசுத் தலைவரின் சொந்த மருத்துவர் நாட்டு மக்களுக்குத் தந்துகொண்டிருந்த சேதியோ, வயதுக்கேற்ற நல்ல உடல்நிலை என்பது! இதயநோய் மருத்துவர் உண்மை அறிந்தவர். உப்பைக் குறையுங்கள், சிகரெட்டைக் குறையுங்கள், ஓய்வெடுங்கள் என்றார். அதற்குமேல் தருவதற்கு அவரிடம் அதிகமில்லை. அழுத்தத்தை அடக்கி ஆளும் மாத்திரை அன்று உலகத்திலேயே இல்லை.

வெள்ளை மாளிகைக்குக் கிட்டாத அந்த மாத்திரை, தோழர்களே, இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிறது. காசின்றிக் கிடைக்கிறது. உலகை ஆண்டவருக்கு வாய்க்காத ஒன்று, உழவு மாட்டை ஓட்டுபவருக்கு வாய்த்திருக்கிறது.

வாய்த்தும் என்ன?

2020-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பைப் பாருங்கள். 18 வயது முதல் 69 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கு உயர் இரத்த அழுத்தம். மூவரில் ஒருவர்! அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தது எத்தனை பேருக்கு? நூற்றுக்கு 7 பேருக்கு. மருந்து உண்டு, மருத்துவர் உண்டு, மருத்துவமனை உண்டு. இருந்தும் 93 பேர் திரி கொளுத்திய வெடியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நடமாடினர். பிறகு 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. மாத்திரை வீட்டு வாயிலுக்கே வந்தது. 2023-24-இல் மறுபடியும் கணக்கெடுத்தார்கள். 7 என்றிருந்தது 17 ஆகியிருந்தது. மூன்றே ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல்! மார்தட்டிக்கொள்ளத் தக்க வளர்ச்சிதான். ஆனால் 17-ஐச் சொல்லி மார்தட்டும்போது, எஞ்சிய 83 பேரின் மார்பில் என்ன நடக்கிறது என்பதையும் கேட்க வேண்டுமன்றோ?

அந்த 83 பேர் யார்? எங்கோ இருப்பவர்களா? நம் தெருவில் இருப்பவர்கள். நம் படிப்பகத்துத் திண்ணையில் காலை நாளிதழைப் பிரித்து, முதற்பக்கத்திலிருந்து கடைசிப்பக்கம் வரை எழுத்தெண்ணிப் படிப்பவர்கள். போராட்டம் என்றால் முதல் ஆளாய்ப் பேருந்து ஏறியவர்கள். கொடிமரம் நடக் குழி தோண்டியவர்கள். நம் தந்தையர், நம் தாய்மார், நமக்கு மேடையேறக் கற்றுக்கொடுத்த மூத்த தோழர்கள்!

நம் நாடகங்களில் ஒரு காட்சி உண்டு. மூன்றாம் அங்கத்தின் முடிவு. மகன் சிறைப்பட்டான் என்றோ, மகள் மணமேடையை விட்டு ஓடினாள் என்றோ ஓர் ஆள் வந்து சொல்வான். தந்தை 'ஆ!' என்பார்; இடப்புற நெஞ்சைப் பிடிப்பார்; தூணைத் தழுவியபடி சரிவார். விளக்கு அணையும், மகளிர் பகுதியில் விம்மல் கேட்கும். நாடக ஆசிரியனுக்கு வசதியான காட்சி. நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். ஆனால் மேடைக்கு வெளியே மாரடைப்பு அப்படி ஓர் ஆள் வந்து சொல்லும் சேதிக்காகக் காத்திருப்பதில்லை. அந்தத் தந்தை விழுவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே அந்தக் காட்சி எழுதப்படத் தொடங்கிவிட்டது. எழுதியது சட்டைப் பையிலிருக்கும் பீடிக்கட்டு. எழுதியது இலையோரத்து ஊறுகாய். எழுதியது எவரும் அளந்து பாராத இரத்த அழுத்தம். குழாயில் தண்ணீர் இரவும் பகலும் மிகை வேகத்தில் மோதினால் என்னாகும்? உள்சுவர் தேயும், கீறும். கீறிய இடத்தில் கொழுப்புப் படியும். படிந்தது ஒருநாள் வெடிக்கும். குருதி உறைந்து வழியை அடைக்கும். இதயத் தசைக்கு உணவு நிற்கும். கடைசி ஒரு நிமிடத்தைத்தான் நாம் 'திடீர் மரணம்' என்று இரங்கல் தீர்மானத்தில் எழுதுகிறோம்.

இது ஊகமன்று. ருசுவெல்ட் இறந்த மூன்றாண்டுக்குப் பின், 1948-இல், அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் 5,209 ஆண்களையும் பெண்களையும் தேர்ந்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். எவர் நெஞ்சு நோகிறது, எவர் நெஞ்சு நோகவில்லை, இவருக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு என்று கணக்கெழுதினார்கள். அழுத்தம், கொழுப்பு, புகை, சர்க்கரை என்று குற்றவாளிகள் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறினர். தலையெழுத்து என்று சொல்லப்பட்டதற்கு முகவரி கிடைத்தது. முகவரி தெரிந்த பகைவனைத் தலைவிதி என்று சொல்வது, பகுத்தறிவு பேசும் நமக்கு அழகாகுமா?

சரி, மருத்துவத் துறை இருக்கிறதே, வீடு தேடி வரும் தன்னார்வலர்கள் இருக்கிறார்களே, இளைஞனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பார் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான்.

பகலில் வீடு தேடி வரும்போது வீட்டில் இருப்பவர் யார்? முதியவர்கள், சில பெண்கள். நாற்பது வயதுக்காரன் சுமை தூக்கப் போயிருக்கிறான், வண்டியோட்டப் போயிருக்கிறான், வயலுக்குப் போயிருக்கிறான். அவன் திரும்புவது அந்தி மயங்கிய பின். அந்த வேளையில் தெருவில் இருப்பவன் நீதான், இளைஞனே! இன்னொன்றும் உண்டு. மருத்துவர் சொன்னதை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வருகிறவர்கள் நம்மவர்கள். வெள்ளை அங்கிக்கு முன்னால் தலையாட்டுவார்கள். வெளியே வந்ததும் தேநீர்க் கடையில் பீடி பற்றவைப்பார்கள். ஆனால் வீட்டுப் பிள்ளை கேட்டால்? பேத்தி கேட்டால்? தெருப் பையன் நாள் தவறாமல் வந்து கேட்டால்?

"பெரியப்பா, மாத்திரை போட்டீங்களா?"

"எதுக்குடா தம்பி? நல்லாத்தானே இருக்கேன். போன மாசம் பாத்தப்ப பிரஷர் சரியாயிடுச்சுன்னாங்க. நிறுத்திட்டேன்."

இந்த ஒரு மறுமொழியில்தான் அந்த 83 பேரில் பலர் அடங்கியிருக்கிறார்கள். அழுத்தம் சரியானது மாத்திரையால் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. கூரை ஒழுகவில்லை என்பதால் ஓட்டைப் பிரித்துவிடலாமா பெரியப்பா, என்று கேட்க ஒருவனில்லை. நோய் வலித்தால் அவர் நம்புவார். இது வலிக்காத நோய். வலிக்காத ஒன்றுக்கு வாழ்நாள் முழுதும் மாத்திரையா என்ற சலிப்பு அவருக்கு. அந்தச் சலிப்பை மருத்துவரின் இரண்டு நிமிடம் கரைக்காது. தினந்தோறும் கேட்கும் ஓர் இளங்குரல் கரைக்கும்.

சின்னஞ்சிறார்களால் இது முடியுமா என்று ஐயுறுவோர் சீனத்துக்கு ஒருமுறை போய் வரட்டும். வடசீனத்தில் சான்சி மாநிலம். அங்கே சாங்ஜி என்றொரு நகரம். 2011-ஆம் ஆண்டில் அந்நகரத்துத் தொடக்கப்பள்ளிகள் 28-ஐத் தேர்ந்தார்கள். பாதிப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, பத்து வயதுப் பாலகர்களுக்கு, ஒரு பருவம் முழுதும் உப்பைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். மிகுந்த உப்பு என்ன செய்யும், எப்படிக் குறைப்பது என்று. பாடம் பள்ளியில், வீட்டுப்பாடம் அடுக்களையில்! கற்றதைத் தாய்தந்தைக்கும் தாத்தா பாட்டிக்கும் எடுத்துச் சொல்வதுதான் பிள்ளைகளின் கடமை. மீதிப் பள்ளிகளில் வழக்கமான பாடம் மட்டும். மூன்றரைத் திங்கள் கழித்து, 279 பிள்ளைகளையும் அவர்கள் வீட்டுப் பெரியவர் 553 பேரையும் சோதித்தார்கள். வாய்ச்சொல்லை நம்பவில்லை, நாள் முழுதும் கழித்த சிறுநீரைச் சேர்த்து வைத்து, அதிலுள்ள உப்பை அளந்தார்கள். பாடம் பெற்ற வீடுகளில் பெரியவர்கள் உண்ட உப்பு, மற்ற வீடுகளோடு ஒப்பிட, நாளொன்றுக்கு 2.9 கிராம் குறைந்திருந்தது. முன்பு நாளுக்கு 12 கிராமுக்கு மேல் உண்டவர்கள் அவர்கள்! அழுத்தத்தின் மேல் அளவும் 2.3 புள்ளி இறங்கியிருந்தது.

இரண்டு புள்ளிதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். ஒருவரிடம் இறங்கினால் அது சிறு செய்தி. ஊர் முழுதும் இறங்கினால் எத்தனையோ வீடுகளில் ஒப்பாரி எழாது. இதைச் செய்தவர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். கையிலே கத்தியில்லை, கழுத்திலே இதயவொலி கேட்கும் குழாயில்லை. இருந்தது ஒன்றே ஒன்று: மறுக்க முடியாத பாசம்.

சீனத்தைச் சொன்னதற்குக் காரணமுண்டு. அங்கே பெரும்பகுதி உப்பு வீட்டுச் சமையலில் கையால் அள்ளிப் போடப்படுவது. நம் வீட்டிலும் அப்படித்தான். சாம்பாரில் உப்பு, இரசத்தில் உப்பு, சோற்றிலே பிசைய உப்பு, அதற்குமேல் அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு, ஊறுகாய்! 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று பழமொழி வேறு கற்றுவைத்திருக்கிறோம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். ஒரு தேக்கரண்டி அளவு. உலக மக்கள் சராசரியாக உண்பதோ அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். 1930-இல் வேதாரண்யத்துக்கு உப்பள்ள நடந்தார் இராசாசி. உப்புக்கு வரி போட்ட வெள்ளையனை எதிர்த்து நடந்த அந்தக் கால்களுக்கு, கொள்கை வேறாயினும் நாம் மதிப்பளிப்போம். இப்போது அடுப்படியை நோக்கி நடக்க வேண்டியிருக்கிறது, அள்ளிய உப்பில் பாதியைத் திரும்பப் போட! அதிலும் ஒரு நுட்பம்: ஒரே நாளில் குறைத்தால் தட்டு பறக்கும். வாரத்துக்குச் சிறிதாகக் குறைத்தால் நாக்கு அறியாமலே பழகிவிடும்.

இளைஞர் என்றதும் பள்ளிப் பிள்ளைகளோடு நின்றுவிட வேண்டா. பின்லாந்தின் கிழக்கெல்லையில் வடகரேலியா என்றொரு பகுதி. காடும் ஏரியும் நிறைந்த நாடு. மரம் வெட்டும் முரட்டு உடல்கள். ஆனால் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நடுவயது ஆண்கள் மாரடைப்பால் மாள்வதில் உலகிலேயே முன்னணியில் நின்ற மண் அது. ரொட்டியின்மீது வெண்ணெய், வெண்ணெய்மீது உப்பு, உண்டபின் சிகரெட். வீட்டுக்கு வீடு கைம்பெண்கள். 1971-இல் அம்மக்களின் சார்பாளர்கள் கூடி மனு எழுதினார்கள். மாவட்ட ஆளுநரும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் ஒப்பமிட, எங்கள் ஆடவர்களைக் காப்பாற்ற ஏதேனும் செய்யுங்கள் என்று அரசிடம் கேட்டார்கள். கவனியுங்கள், தோழர்களே! தொடங்கியது மருத்துவமனையிலன்று. மனுவில்! அரசியலில்!

1972-இல் பணி தொடங்கியது. தலைமையேற்றவர் பெக்கா புஸ்கா. மாணவர் இயக்கத்தில் வளர்ந்தவர். அப்போது இருபத்தேழு வயதை எட்டிக்கொண்டிருந்த இளைஞர். அவர் நோயாளிக்காகக் காத்திருக்கவில்லை. இல்லத்தரசிகளின் மன்றங்களுக்குப் போனார். அவர்கள் வெண்ணெய் குறைந்த உணவைச் சமைத்துக் காட்டி ஊருக்கு விருந்து வைத்தார்கள். இறைச்சி வறுவல் செய்யும் ஆலைகளிடம் கொழுப்பைக் குறைக்கச் சொன்னார்கள். ஊருக்கும் ஊருக்கும் போட்டி வைத்தார்கள், கபடியிலன்று; எந்த ஊரின் இரத்தக் கொழுப்பு அதிகம் குறைகிறது என்பதில்! 1978-இல் ஏழாம் வகுப்பு மாணவரிடையே புகைத் தடுப்புப் பாடம் தொடங்கியது. அதை நடத்தத் துணை நின்றவர்கள் அவர்களைவிடச் சற்றே மூத்த மாணவர்கள். விளைவு என்ன? முப்பத்தைந்து ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய்ச் சாவு அங்கே எண்பது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. இத்தனையும் முழுக்க அவர்கள் முயற்சியால் மட்டும் என்று நான் சொல்லமாட்டேன். பின்லாந்து முழுதுமே அந்த ஆண்டுகளில் மாறியது, மருத்துவமும் வளர்ந்தது. ஆனால் வழிகாட்டியது வடகரேலியா.

இங்கேதான் நம்மவர்களிடம் கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

நாமும் மருத்துவ முகாம் நடத்துகிறோம். தலைவர் பிறந்தநாள் என்றால் போதும், பந்தல், பதாகை, ஒலிபெருக்கி, வரிசையாய் மேசைகள். முந்நூறு கைகளில் பட்டை சுற்றப்படுகிறது. முந்நூறு படங்கள் எடுக்கப்படுகின்றன. கைபேசிக் குழுக்களில் அவை பறக்கின்றன. ஒரு பெரியவரின் கையில் துண்டுச்சீட்டு தரப்படுகிறது: 170-க்கு 100. அந்தச் சீட்டு அவர் சட்டைப் பையில் இரண்டு நாள் இருக்கிறது. மூன்றாம் நாள் வடை மடிக்கப் பயன்படுகிறது. மறுநாள் அவர் வீட்டுக்குப் போனவர் உண்டா? மறு வாரம் கேட்டவர் உண்டா? பந்தலைப் பிரித்தோம், பதாகையைச் சுருட்டினோம், பெரியவரை மறந்தோம்! அடுத்த பிறந்தநாளில் அவரே வந்தால் மீண்டும் அதே அளவைச் சொல்கிறோம். வராவிட்டால்?

வராவிட்டால் படத்திறப்பு நடத்துகிறோம். அதில் நம்மை மிஞ்ச ஆளில்லை! மூன்று மாவட்டத்துப் பேச்சாளர்களை அழைக்கிறோம். மறைந்தவரின் மாண்பை மணிக்கணக்கில் பேசுகிறோம். கண்ணீர் பெருக்கெடுக்கப் பேசத் தெரிந்தவர்கள் நாம். ஐம்பத்திரண்டு வயதில் போய்விட்டாரே, இயக்கத்துக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று தீர்மானம் எழுதுகிறோம். ஈடுசெய்ய முடியாத இழப்புதான். ஆனால் தடுக்க முடியாத இழப்பா அது? அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

முகாமே வேண்டா என்பது என் வாதமன்று. முகாம் முதல் நாள். மீதி 364 நாளும் இருக்கின்றன என்பதே.

அந்த 364 நாளுக்கு என்ன வேண்டும்? மிகக் கொஞ்சம். ஒரு பெரிய பதாகையை நிறுத்தினால் கிடைக்கும் பணத்தில் மேற்கையில் சுற்றும் அழுத்தமானி ஒன்று. கோடு போட்ட பெரிய குறிப்பேடு ஒன்று. முறை வைத்துக்கொண்டு வரும் நான்கைந்து இளைஞர்கள், இளம்பெண்கள். இடம், நம் படிப்பகம்.

படிப்பு வேண்டாவா என்பார்கள். 1905-இல் கொரட்காவ் என்ற உருசிய நாட்டு மருத்துவர், கைத்தமனியின் ஒலியைக் கேட்டு அழுத்தத்தை அளக்கும் முறையைச் சொன்னார். நூறாண்டுக்கு மேலாயிற்று. இன்று பொத்தானை அழுத்தினால் கருவியே எண்ணைக் காட்டுகிறது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு வந்த எனக்கே அது கைவந்ததென்றால், பொறியியல் படிக்கும் தம்பிக்கும் செவிலியர் கல்லூரித் தங்கைக்கும் வராதா? ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் ஒருநாள் பயிற்சி கேளுங்கள், மறுக்கமாட்டார்கள்.

ஆனால் முறை தவறக் கூடாது. பெரியவர் வந்ததும் பட்டையைச் சுற்றாதீர்கள். ஐந்து நிமிடம் அமரட்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிந்திருக்க வேண்டும், கை மேசைமீது நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், பட்டை வெறுங்கையில். அதற்கு முந்திய அரைமணிக்குள் தேநீரோ பீடியோ கூடாது. அளக்கும்போது பேசக் கூடாது. அரசியல் பேசவே கூடாது! நம்மவர்க்கு இதுதான் கடினம். சிறிது இடைவெளி விட்டு இருமுறை அளந்து எழுதுங்கள். 140-க்கு 90 என்பது எல்லை. ஒரு மாலை அதைத் தாண்டினால் அது நோயென்று தீர்ப்பெழுத நமக்கு உரிமையில்லை. இன்னொரு நாளும் தாண்டினால், கைபிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லும் கடமை உண்டு. 'போய் வாருங்கள்' என்று அனுப்பாதீர்கள். 'வாருங்கள் போவோம்' என்று அழையுங்கள். மாத்திரையைத் தருவது, மாற்றுவது, நிறுத்துவது மருத்துவர் வேலை. மறவாமல் விழுங்கச் செய்வது நம் வேலை. நெஞ்சில் அழுத்தும் வலி, இடக்கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் என்று எவரேனும் சொன்னால் குறிப்பேட்டைத் தேடாதீர்கள், வாயு என்று சோடா வாங்கித் தராதீர்கள். 108-ஐ அழையுங்கள். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகள் வைக்கப்பட்டிருக்கின்றன.

பீடிக்கு வருவோம். நம் கட்சி அலுவலகங்கள் சிலவற்றில் நுழைந்தால் மூத்தவர்களின் முகம் தெரிவதற்குமுன் புகை தெரிகிறது. பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் இருக்கிறது. அது நம் அலுவலகத்துக்குப் பொருந்தாதா? "தம்பி, ஒரு கட்டு வாங்கிட்டு வாடா" என்று ஏவும் அண்ணனிடம் எதிர்த்துப் பேசத் தயங்குகிறாய். தயங்காதே. பதினெட்டு நிரம்பாதவனுக்குப் புகையிலை விற்பது குற்றம் என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். நிரம்பியவனாயின், "வேற எது வேணும்னாலும் சொல்லுங்கண்ணே, ஓடிப்போய் வாங்கியாறேன், இதுமட்டும் மாட்டேன்" என்று சொல். ஒருநாள் திட்டுவார். புகையை விட்ட ஓராண்டில் மாரடைப்பு அச்சம் பாதியளவு குறைகிறது. ஐம்பது வயதில் விட்டாலும் பயனுண்டு. இத்தனை ஆண்டு குடித்தாயிற்று, இனி விட்டு என்ன என்பவரிடம் இதைச் சொல். அறிவுரையாய்ச் சொல்லாதே, கணக்காய்ச் சொல்.

மகளிரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மாரடைப்பு ஆண்களுக்குரியது என்றொரு பொய் நம் வீடுகளில் உலவுகிறது. எல்லார்க்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதை ஊறுகாயோடு உண்டுவிட்டுப் படுக்கும் அன்னையின் கையில் எவரேனும் பட்டை சுற்றியதுண்டா? அவருக்கு வரும் மாரடைப்பு சில நேரம் நாடகத்து நெஞ்சுவலியாகவும் வருவதில்லை. களைப்பு, குமட்டல், மூச்சு வாங்குதல், முதுகுவலி என்று வேறு உருவில் வரும். "வேலை செஞ்ச அலுப்பு" என்று அவரே தள்ளிவிடுவார். படிப்பகத்துக்கு அவர் வரமாட்டார். ஆகவே கருவி அவரிடம் போக வேண்டும். இளம்பெண்கள் கொண்டுபோக வேண்டும்.

இறுதியாக ஓர் ஐயம், கிளைத் தோழர் ஒருவர் என்னிடம் கேட்டது. எதிர்க்கட்சிக்காரர் வந்தால் அளக்கலாமா? அவர் தேர்தலில் நமக்கு எதிராக வீடுவீடாய்ச் சென்றவராயிற்றே! அளக்க வேண்டும். வேட்டிக்கரையின் நிறத்தை அந்தப் பட்டை அறியாது. குறிப்பேட்டில் பெயர், வயது, நாள், இரண்டு அளவு, மாத்திரை போட்டாரா இல்லையா என்று ஐந்து கட்டம் போதும். ஆறாவதாகக் 'கட்சி' என்றொரு கட்டம் போடாதீர்கள். ஒருவர் அளவை இன்னொருவருக்குச் சொல்லாதீர்கள். தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சினால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார். குறிப்பேடு பூட்டிய இழுப்பறையில் இருக்கட்டும்.

ஞாயிறு மாலை ஐந்து முதல் ஏழு வரை நல்ல நேரம். சந்தைக்குப் போனவர்களும் திரும்பியிருப்பார்கள், கூலி வேலைக்குப் போகாதவர்களும் திண்ணைக்கு வந்திருப்பார்கள். முதல் வாரம் பத்துப் பேர் வந்தால் போதும். அந்தப் பத்துப் பேரில் இரண்டாம் வாரம் வராதவர் எவரென்று பார்த்து, அவர் வீட்டுக்குப் போங்கள்.